சூட்டில் இளகிய டியூப்: கொடைக்கானல் இறக்கத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மதுரையைச் சேர்ந்த நான்கு பேர் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கிச் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊத்து என்ற ஊருக்கும் டம் டம் பாறைக்கும் நடுவே, ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், ஒருவரின் பின்சக்கர டியூப் வால்வின் அடியில் பிரிந்து காற்று முழுவதும் போய்விட்டது. ஆணி குத்தவில்லை, கண்ணாடி கிழிக்கவில்லை. பிரேக் பிடித்துப் பிடித்து ரிம்மில் ஏறிய சூடுதான் காரணம். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அதே டியூப் முன்சக்கரத்திலும் இருந்தது. அங்கே பிரிந்திருந்தால் இவ்வளவு லேசில் முடிந்திருக்காது.

சைக்கிள் மீட்டரில் பதிவான உயரம், தூரம், வேகம் ஆகியவற்றையும், பிறகு சக்கரத்தைப் பிரித்தபோது கண்டவற்றையும் வைத்து இந்தப் பதிவு எழுதப்படுகிறது.

## பின்னணி

நால்வரும் சைக்கிளுக்குப் புதியவர்கள் அல்லர். அழகர்கோவில், நத்தம், சிறுமலைப் பக்கம் வாராவாரம் ஓட்டுகிறவர்கள். இருவரின் சைக்கிளில் சக்கர நடுவிலுள்ள தகட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக், இருவருக்கு ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய வகை பிரேக். சம்பவத்தில் சிக்கியவருக்கு வயது 46, எடை 86 கிலோ. சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்தால் 98 கிலோ. ரிம் பிரேக் வைத்திருந்த மற்றவர் 62 கிலோ. அவருடைய மொத்த எடை 74 கிலோ.

86 கிலோக்காரர் மலையேற்றத்துக்கு எடை குறையட்டும் என்று இரண்டு வாரம் முன்பு டியூப்களை மாற்றியிருந்தார். வழக்கமான கறுப்பு பியூட்டைல் ரப்பர் டியூப் ஒன்று 100 கிராம் இருக்கும். அவர் போட்டது டிபியூ எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப். 40 கிராம்கூட வராது. சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கிவிடும், காற்றும் மெதுவாகத்தான் இறங்கும். சமவெளியில் ஓட்ட நல்ல பொருள்தான். ஆனால் மிக மெல்லிய வகைகளை டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்லித் தயாரிப்பாளர்களே அறிவுறுத்துவதுண்டு. அந்த எச்சரிக்கை அச்சிட்டிருந்த அட்டைப்பெட்டி, டியூப் மாட்டிய அன்றே குப்பைக்குப் போய்விட்டது.

மற்ற விவரங்கள்: அலுமினிய ரிம், 25 மி.மீ. டயர், ரிம்முக்குள் ஸ்போக்ஸ் துளைகளை மூட மெல்லிய பிளாஸ்டிக் ரிம் டேப். காற்றழுத்தம் 105 பிஎஸ்ஐ. வத்தலக்குண்டில் விடியற்காலை குளிரில் அடித்தது.

## ஏற்றம்

மதுரையிலிருந்து காரில் சைக்கிள்களை ஏற்றிவந்து வத்தலக்குண்டில் 5.15-க்குக் கிளம்பினார்கள். காட்ரோடு தாண்டி மலை தொடங்கியதும் ஆளுக்கு ஒரு வேகம். ஏரிக்கரையை எட்டும்போது 10.45. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். ஏற்றத்தில் யாருக்கும் எந்தக் கோளாறும் இல்லை. சைக்கிள்களும் சத்தமில்லாமல் ஏறின.

முதல் முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது. சாப்பிட்டு ஓய்வெடுத்து மதியம் இறங்கலாம் என்றார்கள். காலையில் குளிர், பனி. மதியம் வெயில் இருக்கும், சாலை காய்ந்திருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சாலையைப் பொறுத்தவரை சரியான யோசனை. ஆனால் ஞாயிறு மதியம் என்பது வார இறுதிக்கு வந்த சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி ஊர் திரும்பும் நேரம். அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

## இறக்கம்

12.10: ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டார்கள். காற்று சில்லென்றிருந்தது. 86 கிலோக்காரர் அரைவிரல் கையுறைதான் போட்டிருந்தார். விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன.

12.35: 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள வெள்ளி நீர்வீழ்ச்சி. சாலையோரம் வண்டிகள், கூட்டம், நின்று நின்று நகரும் வரிசை. ஒரு சுற்றுலாப் பேருந்துக்குப் பின்னால் நால்வரும் மாட்டிக்கொண்டார்கள்.

12.50: பெருமாள்மலை. பழனிச் சாலை பிரிகிற இடம். வரிசை குறையவில்லை. மணிக்கு 16, 17 கிலோமீட்டருக்கு மேல் மீட்டர் காட்டவே இல்லை. முந்தலாமா என்று ஒருவர் கேட்டார்; எதிரே ஏறும் வண்டிகள் தொடர்ந்து வந்ததால் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அது சரியான முடிவு. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை. இறங்குகிறவர் எதிர்ப்பக்கத்தில் நுழைந்து முந்துவது தனக்கும் ஆபத்து, ஏறுகிறவருக்கும் ஆபத்து. ஆனால் முந்தாவிட்டால் பின்னாலேயே ஊர்ந்து போகத்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். ஓரம் கட்டி நின்று வரிசையைப் போகவிடலாம் என்கிற மூன்றாவது வழி யாருக்கும் தோன்றவில்லை.

பின்னால் வந்த டிஸ்க் பிரேக்காரர் சொன்ன ஒரு விவரம் முக்கியமானது. 86 கிலோக்காரர் கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்; கீழ் வளைவுக்குக் கை போகவே இல்லை. மேலிருந்து பிடித்தால் பிரேக் லீவரில் நெம்பு கிடைக்காது, அதனால் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கத் தோன்றும். அதோடு அவர் பிடித்தது பெரும்பாலும் பின் பிரேக் ஒன்றைத்தான். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்வோம் என்பது சின்ன வயதில் வாடகைச் சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே நம்மூரில் பலருக்கு ஊறிப்போன பயம்.

1.25: ஊத்தில் தேநீருக்கு நின்றார்கள். ரப்பர் கருகும் வாடை வந்தது. பேருந்தின் பிரேக் வாடை என்று முதலில் நினைத்தார்கள். 62 கிலோக்காரர் தன் ரிம்மைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது, ஆனால் விரலை வைத்திருக்க முடிந்தது. அடுத்து நண்பரின் பின் ரிம்மைத் தொட்டவர் உடனே கையை இழுத்துக்கொண்டார். முன் ரிம் வெதுவெதுப்போடு சரி.

அதே பேருந்தின் ஓட்டுநரும் அங்கே நின்றிருந்தார். "தம்பி, எங்க வண்டிக்குப் பின்னாலயே வராதீங்க. நாங்க கியர்ல இறங்குறோம், உங்களுக்கு அது கிடையாது. நாங்க போனப்புறம் வாங்க" என்றார். மலையில் தினம் இறங்குகிறவரின் வார்த்தை. லாரி, பேருந்துக்கு வேகத்தை அடக்க என்ஜின் இருக்கிறது. சைக்கிளுக்கு அந்த வேலை முழுவதையும் நான்கு சிறிய ரப்பர் கட்டைகள்தான் செய்தாக வேண்டும்.

ஐந்து நிமிடம் நின்றார்கள். பேருந்து முன்னால் போனது. ஆனால் அதற்குப் பின்னால் அடுத்த வரிசை வந்துவிட்டது. இருட்டுவதற்குள் மதுரை சேர வேண்டும் என்ற அவசரத்தில் அதற்குப் பின்னால் இவர்களும் இறங்கிவிட்டார்கள். ரிம் முழுதாக ஆறியிருக்கவில்லை.

1.50: வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம், 850 மீட்டர் உயரம் இறங்கியிருந்தார்கள். பட்டென்று வெடிக்கவில்லை. "உஸ்ஸ்" என்று ஒரு நீண்ட சீறல். மூன்று, நான்கு விநாடியில் பின் டயர் தரையோடு படுத்துவிட்டது. சைக்கிளின் பின்பக்கம் வால்போல் இருபக்கமும் ஆடியது. அவர் பின் பிரேக்கை விட்டுவிட்டு, முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, மலைச்சுவர் பக்கம் ஒதுங்கினார். 15 மீட்டர் போனதும் டயர் ரிம்மிலிருந்து கழன்று வழுக்க, இடது முழங்கை சாலையில் உரசி விழுந்தார். பின்னால் வந்த கார் போதிய இடைவெளி விட்டிருந்ததால் நின்றுவிட்டது.

## சாலையோரத்தில் எடுத்த முடிவுகள்

ஆளையும் சைக்கிளையும் சாலையை விட்டு உள்ளே இழுத்தது முதல் வேலை. வளைவுக்கு மேலே 50 மீட்டர் தள்ளி ஒருவர் நின்று வரும் வண்டிகளுக்குக் கைகாட்டினார். முழங்கையைக் குடிநீரால் கழுவினார்கள். மடக்கி நீட்ட முடிந்தது, தலையில் அடியில்லை, ஹெல்மெட்டில் கீறலும் இல்லை.

அடுத்து, சூட்டோடு கை வைக்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டும் சரி. தானாக ஆறுவதற்கு 25 நிமிடம் விட்டார்கள்.

கழற்றிப் பார்த்தபோது வால்வு ஒட்டப்பட்டிருந்த வட்டம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. டிபியூ டியூபை வழக்கமான பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்ட முடியாது. அதற்கென்று தனி ஒட்டுத்துண்டு வேண்டும். அது இருந்தாலும் வால்வடியில் பிரிந்ததை ஒட்டுவது நடக்காத காரியம். அவரிடம் இருந்த மாற்று டியூபும் அதே டிபியூதான். அதை மாட்டி இறங்கினால் இதே கதை மறுபடி நடக்கும் என்பதால், 62 கிலோக்காரரிடம் இருந்த பியூட்டைல் டியூபைப் பின்சக்கரத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். கைப்பம்பில் 80 பிஎஸ்ஐ வரை ஏற்ற மூன்று பேர் மாறி மாறி அடிக்க வேண்டியிருந்தது.

முன்சக்கரத்து டிபியூவை என்ன செய்வது? இரண்டாவது பியூட்டைல் டியூப் டிஸ்க் பிரேக்காரர் ஒருவரிடம் இருந்தது. அதைப் போட்டால் நால்வருக்கும் சேர்த்து மாற்றாக டிபியூ மட்டுமே மிஞ்சும். போடாவிட்டால், இனி முன் பிரேக்கையும் பயன்படுத்தி இறங்க வேண்டிய சக்கரத்தில் அதே பலவீனம் இருக்கும். போட்டுவிட்டார்கள். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று சொல்லலாம். இறக்கத்தில் பின் டயர் போனால் ஆள் பெரும்பாலும் சமாளிப்பார். முன் டயர் போனால் திருப்பும் பிடியே போய்விடும்.

டயர் விளிம்பையும் ரிம்மையும் விரலால் சுற்றித் தடவி, பள்ளம், பிசிறு இல்லை என்று உறுதி செய்த பிறகே கிளம்பினார்கள். மீதி இறக்கத்தில் ஒவ்வொரு வரிசையையும் ஓரம் கட்டிப் போகவிட்டார்கள். நின்ற இடத்திலெல்லாம் இரு ரிம்மையும் தொட்டுப் பார்த்தார்கள். காட்ரோடு வந்தபோது 4 மணி. வத்தலக்குண்டு அரசு மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

## பிரித்துப் பார்த்தபோது

மதுரையில் மெக்கானிக் பின்சக்கரத்தைப் பிரித்து, டியூபைப் பழைய இடத்திலேயே ரிம்மின் மேல் சுற்றி வைத்துப் பார்த்தார். எந்தச் சேதம் ரிம்மின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

வால்வடியில் பிரிந்தது போக, டியூபின் உட்பக்கத்தில் நான்கு இடங்களில் சிறு கொப்புளங்கள். நான்கும் ஸ்போக்ஸ் துளைகளுக்கு நேராக இருந்தன. பிளாஸ்டிக் ரிம் டேப் அந்த இடங்களில் குழிந்து துளைக்குள் இறங்கியிருந்தது. சூட்டில் டேப் இளகி, காற்றழுத்தம் அதைத் துளைக்குள் தள்ள, டியூபும் அதோடு உப்பியிருக்கிறது. வால்வடி முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கொப்புளங்களில் ஒன்று போயிருக்கும்.

பின் பிரேக் கட்டைகள் கண்ணாடிபோல் பளபளத்தன. தேய்மானக் கோடு மறைந்துவிட்டிருந்தது. ஒரு கட்டையில் அலுமினியச் சிம்புகள் பதிந்திருந்தன. அவை ரிம்மையும் அறுக்கும், பிடியையும் குறைக்கும். பிடி குறைந்தால் இன்னும் அழுத்திப் பிடிப்போம். முன் கட்டைகள் புதிதாகப் போட்டதுபோல் இருந்தன. முன் பிரேக்கை எவ்வளவு பிடித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

## சூடு எங்கிருந்து வந்தது

98 கிலோ எடை 850 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 817 கிலோஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ஊர்ந்து இறங்கியதில் அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பிரேக்குக்குப் போயிருக்கும் என்பது கணக்கு. அதன் பெரும்பகுதியை ஒரே ஒரு ரிம் வாங்கியிருக்கிறது.

மெதுவாக இறங்குவதே பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. 6 சதவீதச் சரிவில் இதே எடைக்குக் கணக்குப் போட்டால் நிலைமை வேறு. மணிக்கு 16 கிலோமீட்டரில் காற்றின் எதிர்ப்பு அநேகமாக ஒன்றுமில்லை. பிரேக் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 47 கிலோஜூல் சூட்டை விழுங்க வேண்டும். 40 கிலோமீட்டரில் காற்றே பாதிக்குச் சற்றுக் குறைவாக வேலையை எடுத்துக்கொள்கிறது. பிரேக்குக்கு மிஞ்சுவது 26 கிலோஜூல் அளவுதான். விநாடிக் கணக்கில் பார்த்தால் 40-இல் பிரேக்கின் வேலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் ரிம்மைக் குளிர்விக்கும் காற்றும் இரண்டரை மடங்கு வேகத்தில் அடிக்கிறது. 40-இல் வளைவில் பாயச் சொல்லவில்லை. பார்வை தெளிவாக இருக்கும் நேர்ச்சாலையில் பிரேக்கை விட்டு வேகத்தை ஏறவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக் குறைத்து, பிடியை விட்டு வளைவில் நுழைய வேண்டும். பேருந்துக்குப் பின்னால் அதற்கு இடமே கிடையாது.

காற்றழுத்தம் கூடியதால் டியூப் வெடித்தது என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். 24 டிகிரியில் 105 பிஎஸ்ஐ அடித்த டயர் 80 டிகிரிக்குப் போனால் 127-ஐ ஒட்டி வரும். கூடுதல்தான், ஆனால் நல்ல டயரும் பியூட்டைல் டியூபும் அதைத் தாங்கிவிடும். இங்கே தாங்காதது பொருள். பியூட்டைல் ரப்பர் வல்கனைஸ் செய்யப்பட்டது, அதாவது சூடேற்றி உறுதியாக்கப்பட்டது. இந்தச் சூட்டில் உருவம் மாறாது. டிபியூ சூட்டில் இளகும் பிளாஸ்டிக். ரிம் டேப்பும் அதே இனம். இரண்டும் ஒரே நேரத்தில் இளகியிருக்கின்றன.

62 கிலோக்காரருக்கு எதுவும் ஆகாததற்கு எடை, டியூப், இரு பிரேக்கையும் பிடிக்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்த காரணம்; எது எவ்வளவு என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துப் பிரிக்க முடியாது. டிஸ்க் பிரேக்காரர்கள் இருவருக்கும் டியூபில் சிக்கல் இல்லை, ஏனென்றால் சூடு தகட்டோடு நின்றுவிடுகிறது. அதற்காக அது சூடாகாது என்பதில்லை. ஒருவரின் தகடு நீலம் பாய்ந்திருந்தது, கட்டை கிறீச்சிட்டது. அதே வரிசைக்குப் பின்னால்தானே அவர்களும் ஊர்ந்தார்கள்.

## மாற்றியவை

இரு சக்கரத்திலும் பியூட்டைல் டியூப். டிபியூவை மாற்று டியூபாகக்கூட மலைக்கு எடுத்துப்போவதில்லை என்று முடிவு. பிளாஸ்டிக் ரிம் டேப்பைக் கிழித்துவிட்டுத் துணி டேப் ஒட்டினார்கள். அதன் அகலம் துளைகளை முழுக்க மூட வேண்டும், ஆனால் டயர் விளிம்பு உட்காரும் மேட்டில் ஏறக்கூடாது. ஒட்டுமுன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் டேப் நகர்ந்து துளை வெளியே தெரியும்.

நான்கு பிரேக் கட்டைகளும் புதிது. ஒவ்வொன்றின் முன்நுனி ரிம்மை முதலில் தொடும்படி பின்நுனியில் ஒரு மி.மீ. இடைவெளி விட்டார்கள். வாரம் ஒருமுறை கட்டையைப் பார்த்து, அலுமினியச் சிம்பு இருந்தால் ஊசியால் நெம்பி எடுத்து, உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். பிரேக் லீவரைக் கைப்பிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். கீழ் வளைவைப் பிடித்தபடியே இரண்டு விரலால் எட்டுகிறது. டயர் 28 மி.மீ. ஆனது, காற்று பின்னால் 85, முன்னால் 80. முழுவிரல் கையுறையும் வாங்கினார்.

முன் பிரேக் பயம் போக, முதலில் சமதரையில் பழகினார். பின்பக்கமாக உடம்பைத் தள்ளி, கைகளை ஊன்றி, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிடிப்பது. பிறகு வாரநாள் அதிகாலையில் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிப் பார்த்தார். அடிவாரத்தில் இரு ரிம்மும் ஏறத்தாழ ஒரே சூடு.

## அடுத்த கொடைக்கானல் இறக்கம்

மார்ச்சில் அதே நால்வர். சனிக்கிழமை ஏறி, இரவு தங்கி, ஞாயிறு காலை 6.30-க்கு இறங்கினார்கள். பனி இருந்ததால் முதல் சில கிலோமீட்டர் விளக்கு போட்டு மெதுவாகத்தான். வரிசை சேர்ந்த மூன்று இடங்களில் அகலமான ஓரத்தில் பத்துப் பத்து நிமிடம் நின்றார்கள். காட்ரோட்டில் தொட்டபோது இரு ரிம்மும் சூடாக இருந்தன, விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற நேரத்தைச் சேர்த்தும் முந்தைய ஞாயிறின் ஊர்வலத்தைவிடச் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள். முன் கட்டைகள் மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்திருந்தன; இப்போது ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கிறது.